50 பார் யாருக்குப் போதும்?

அன்புள்ள ஸ்கூபா மைய உரிமையாளர்களே, கடலுக்குள் எங்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி அண்ணன்மாரே, தம்பிமாரே,

கிழக்குக் கரையில் கடல் அடங்கும் காலம் நெருங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களில் திருகோணமலையிலும் கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் உங்கள் படகுகள் இறங்கிவிடும். அதற்கு முன்பு, புறப்படும்போது நீங்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். "100 பார் ஆனதும் எனக்குக் காட்டுங்கள், 50 பார் ஆனதும் மேலே போவோம்." பார் என்பது சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் காற்றின் அழுத்தம், நிரம்பிய சிலிண்டரில் அது 200. ஐந்து மீட்டர் பவளப்பாறைக்குப் போனாலும் முப்பது மீட்டர் கப்பலுக்குப் போனாலும் இதே வாக்கியம்தான். அதை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இதே கரையில், 28 மீட்டர் ஆழத்தில் என் இணையாக வந்தவரின் சிலிண்டர் காலியாகிவிட்டது. அழைத்துச் சென்ற மையம் எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே சொன்னதைத்தான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அன்று நீரோட்டம் இழுத்தது. அவருக்கு அதுவே முதல் ஆழமான இறக்கம். எதிர்த்து நீந்தியதில் மூச்சு வேகமெடுத்திருக்கிறது, அளவுமானியைப் பார்க்க மறந்திருக்கிறார். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டியபடி அவர் என்னிடம் வந்தபோது என் முள் 80இல் நின்றது. என் சிலிண்டரோடு இணைந்த மாற்று ரெகுலேட்டரை, அதாவது மூச்சிழுக்கும் இன்னொரு வாய்க்கருவியை, அவரிடம் கொடுத்தேன். ஒருவர் தோள்பட்டையை மற்றவர் பற்றிக்கொண்டு ஏறினோம். 5 மீட்டரை எட்டியபோது முள் 20இல் இருந்தது. உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற மூன்று நிமிடம் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் வெளியே வந்தோம்.

அவர் இன்று நலமாக இருக்கிறார். ஆனால் எனக்கு அன்று 80 இருந்தது தற்செயல். இன்னும் ஐந்தாறு நிமிடம் கழித்து அது நடந்திருந்தால், உங்கள் வாக்கியத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த நான் 50இல் நின்றிருப்பேன். மேலே வர எங்களுக்குச் செலவானது 60.

அந்த இரவு தூக்கம் வரவில்லை. தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய கணக்கு அது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் 4 பார், ஆகவே அங்கே இழுக்கும் ஒரு மூச்சு மேலே இழுக்கும் நான்கு மூச்சுக்குச் சமம். அமைதியாக நீந்தும் ஒருவருக்கு மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். பயந்தவருக்கு 30 லிட்டர் என்று வையுங்கள், அதற்கு மேலும் போகலாம். காற்றுத் தீர்ந்தவர் பயந்திருப்பார், கொடுப்பவரும் பயந்திருப்பார். ஆக இருவருக்கும் சேர்த்து 60 லிட்டர்.

30 மீட்டரில் ரெகுலேட்டரைக் கொடுத்து, நிதானித்து, புறப்பட ஒரு நிமிடம்: 240 லிட்டர். நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர்வரை ஏற இரண்டரை நிமிடம்: ஏறக்குறைய 412 லிட்டர். அங்கே மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 270. கடைசி ஐந்து மீட்டரை மெல்லக் கடக்க ஒரு நிமிடம்: 75. கூட்டினால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று லிட்டர் குறைவு. நம் கரையில் எங்கும் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். வகுத்துப் பாருங்கள், 90 பார் வரும்.

50 பார் என்றால் 555 லிட்டர். இதே வேகத்தில் இழுத்தால் அது இருவரையும் ஏறக்குறைய 13 மீட்டர்வரை கொண்டுவந்து அங்கே கைவிடும். உண்மையில் அதற்கும் முன்பே கைவிடும், ஏனென்றால் கடைசிப் பத்து பாரை ரெகுலேட்டர் ஒழுங்காகத் தராது.

சரி, 50 எந்த ஆழத்துக்குப் பொருந்தும்? அதையும் போட்டுப் பார்த்தேன். 12 மீட்டருக்குப் பொருந்துகிறது, அச்சொட்டாக. ஆழமற்ற பாறைகளில் பழகிய எண்ணை யாரும் தடுக்காததால் ஆழத்துக்கும் கொண்டுபோயிருக்கிறோம் என்றே நினைக்கிறேன். கல்குடாவுக்கு அப்பால் 24 மீட்டரில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜண்ட் எண்ணெய்க் கப்பலுக்கு, உங்களில் பலர் ஒவ்வொரு வாரமும் ஆட்களை அழைத்துப்போகும் அந்தக் கப்பலுக்கே, 75 வேண்டும். பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லையான 40 மீட்டரில் 120 வேண்டும்.

இதை மிகையான பயம் என்று சிலர் நினைக்கலாம். 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 ஸ்கூபா இறப்புகளை ஸ்கூபா பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். முதல் சிக்கல் எது என்று கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதம், காற்றுப் போதாமல் தொடங்கியவை. சுறாவும் இல்லை, பழுதான கருவியும் இல்லை. கருவிப் பழுது அந்தப் பட்டியலில் 15 சதவீதம்தான்.

நேராக மேலே பாய்ந்துவிடலாமே என்று யாராவது கேட்டால், இந்தக் கரையில் அதற்குப் பதில் சொல்ல மருத்துவர் தேவையில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் ஒரே நாளில் பல சிலிண்டர்களோடு இறங்கி, விரைந்து ஏறி, உடலில் நைட்ரஜன் குமிழியாகி, கால் விளங்காமல் போன மீனவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுத் திண்ணைகளில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். 200 பாரில் 90ஐ ஒதுக்கினால் மிஞ்சுவது 110, அதாவது 1,220 லிட்டர். 30 மீட்டரில் அமைதியானவர் நிமிடத்துக்கு 80 லிட்டர் இழுப்பார். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், இறங்கும் நேரமும் அதற்குள் அடங்கும். வெயிலில் சூடாக நிரப்பிய சிலிண்டர் கடலில் குளிர்ந்ததும் 190க்கு இறங்கிவிடுவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், ஆக அதிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் குறையும். "இவ்வளவு பணம் கொடுத்தேன், பதினைந்து நிமிடம்தானா?" என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். பழக்கத்தில் உள்ள ஓர் அட்டவணைப்படி சாதாரணக் காற்றில் 30 மீட்டருக்கு 20 நிமிடம்தான் எல்லை, அதைத் தாண்டினால் வழியில் கட்டாயம் நின்றுதான் மேலேற வேண்டும். ஆழம் என்பதே கொஞ்ச நேரத்துக்கான இடம். மீதிக் காற்றை 12 மீட்டரில் பாறை ஓரமாகச் செலவழிக்க விடுங்கள், அதுவும் அழகான கடல்தான்.

சில மையங்கள் படகின் அடியில் 5 மீட்டரில் ஒரு சிலிண்டரைத் தொங்கவிடுகின்றன. நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அது 5 மீட்டரை எட்டியவருக்குத்தான் உதவும், நீரோட்டத்தில் படகை விட்டு விலகியவருக்கு உதவாது. ஆக்சிஜன் கூடிய காற்றான நைட்ராக்ஸ் தருகிறோம் என்கிறீர்கள். நைட்ராக்ஸ் தங்கும் எல்லையை நீட்டும், மூச்சின் அளவைக் குறைக்காது, அதனால் ஒதுக்கிவைக்கும் காற்றின் கணக்கு அப்படியே இருக்கும். தனி ரெகுலேட்டரோடு 3 லிட்டர் சிறு சிலிண்டர் ஒன்றைக் கூடவே கொண்டுபோவது இதைவிடப் பெரிய துணை. நிரம்பியிருந்தால் 600 லிட்டர். 30 மீட்டரிலிருந்து ஒருவர் நிறுத்தத்தையும் முடித்து வெளியே வர 500 போதும். 40 மீட்டரிலிருந்து என்றால் 660க்கு மேல் வேண்டும், அங்கே சிறு சிலிண்டரும் முழுக் காவல் ஆகாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் அது இல்லாமல் ஆழத்துக்கு இறங்குவதில்லை.

ஹெர்மிஸ் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் போர்க்கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கீழே, முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் கல்லறையாகக் கிடக்கிறது. ஒற்றைச் சிலிண்டரோடு அதைத் தொட்டுவிட்டு வந்தேன் என்று பெருமை பேசியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். 50 மீட்டரில் இருவரை மேலே கொண்டுவர, கட்டாய நிறுத்தம் எதுவும் சேராமலே, 155 பார் வேண்டும். மிஞ்சும் 45 பார் அந்த ஆழத்தில் நான்கு நிமிடம். இறங்கும் காற்றும் அதற்குள்ளேதான் அடங்க வேண்டும். இரட்டைச் சிலிண்டரும் தனிப் பயிற்சியும் உள்ளவர்களுக்கான இடம் அது. மற்றவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு கொடுத்தாலும், அழைத்துப்போகாதீர்கள்.

மன்னாரில் முத்துக்குளித்த காலத்தில், மூழ்குபவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. கயிற்றை விட்டால் சொந்த அக்காள் தங்கையின் தாலி போய்விடும் என்பதால் அவன் விடமாட்டான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஸ்கூபாவில் மேலே யாரும் கயிறு பிடிப்பதில்லை. என் சிலிண்டரில் நான் தொடாமல் வைத்திருக்கும் அந்த 90 பார்தான் என் இணைக்கு நான் பிடிக்கும் கயிறு. அதில் பாதி என்னுடையதே இல்லை. இதைப் படகில் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அன்று முள் 110இல் இருந்தபோதே இணையின் அளவுமானியை இழுத்துப் பார்த்திருப்பேன்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. படகில் இறங்குமிடத்தின் பெயரையும் ஆழத்தையும் எழுதும் பலகையில், பக்கத்திலேயே அந்த ஆழத்துக்கு மேலேறத் தொடங்கவேண்டிய பாரையும் எழுதுங்கள். 12 என்றால் 50, 24 என்றால் 75, 30 என்றால் 90. வேறு அளவுச் சிலிண்டர் என்றால் அதற்கேற்ப மாற்றுங்கள், 15 லிட்டராக இருந்தால் 30 மீட்டருக்கு 67 போதும். அந்த எண் இருவருக்கானது என்று ஒரே வரியில் சொல்லுங்கள். இணையில் யாருடைய முள் முதலில் அதைத் தொட்டாலும் இருவரும் ஏறவேண்டும் என்றும் சொல்லுங்கள். இதற்கு எந்தச் செலவும் இல்லை.

மே மாதம் நான் கல்குடாவுக்கு வருகிறேன். படகில் ஏறியதும் அந்தப் பலகையைத்தான் முதலில் பார்ப்பேன். எண் எழுதியிருந்தால் உங்களோடு இறங்குவேன். இல்லையென்றால், பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன், ஆனால் படகிலேயே இருந்துகொள்வேன்.

அன்புடன்,
உங்கள் கடலில் இறங்கும் ஒருவன்,
மட்டக்களப்பு