ஈயத்தின் எடையோடு சிலிண்டரின் உலோகத்தையும் எழுதித் தாருங்கள்

புதுச்சேரி, சென்னைக் கடலோரங்களில் ஸ்கூபா பயிற்சி நடத்தும் மையங்களுக்கு,

வணக்கம். இந்தக் கரையில் கற்றுக்கொண்டவன் நான். பயிற்சி முடிந்தபோது என் லாக்புக்கில் (மூழ்கல் குறிப்பேட்டில்), நீரில் மூழ்குவதற்காக உடலில் கட்டிக்கொள்ளும் ஈயத்தின் எடையை ‘ஈயம் 6 கிலோ’ என்று மட்டுமே எழுதித் தந்தார்கள். எந்தச் சிலிண்டருடன் என்ற குறிப்பு இல்லை. பின்னர் மால்டாவில், 12 லிட்டர் எஃகுச் சிலிண்டருடன், அதே உடுப்பில் அதே 6 கிலோவைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அங்குள்ள கடல்நீர் உப்பு மிகுந்தது என்பதைக் கணக்கில் கொண்டாலும், இரண்டு கிலோவுக்கு மேல் வீண்பாரம். அதை ஈடுகட்ட மிதவைச் சட்டையில் ஏற்றிய காற்று, மேலேறும்போது விரிந்து என் பிடியில் நிற்கவில்லை.

கரையில் தூக்கிப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. நம் 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டரும் அந்த எஃகுச் சிலிண்டரும் ஏறத்தாழ 14 கிலோதான். அலுமினியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் மூன்றில் ஒரு பங்கு. வலிமையும் குறைவு என்பதால் சுவரைத் தடிமனாக அமைக்கிறார்கள். அதனால் புறப்பருமன் கூடி, அது அதிக நீரை விலக்குகிறது. 207 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய அலுமினியச் சிலிண்டர் கடலில் சுமார் 0.7 கிலோ அளவுக்கு மூழ்க முயலும். காலியானதும் 2 கிலோ அளவுக்கு மிதக்க முயலும். இடைப்பட்ட 2.7 கிலோ, நாம் சுவாசித்துத் தீர்த்த காற்றின் எடை. எஃகிலும் காற்று அவ்வாறே குறைகிறது, ஆனால் 12 லிட்டர் எஃகுச் சிலிண்டர் பெரும்பாலும் காலியான பின்னும் மூழ்கவே செய்யும்.

எஃகில் பழகியவர் அலுமினியத்துக்கு மாறினால் ஆபத்து நேர்மாறானது: 5 மீட்டர் ஆழத்தில் பாதுகாப்புக்காக நிற்க வேண்டிய நேரத்தில் அவரைச் சிலிண்டரே மேலே இழுத்துவிடும். ஆகவே எடைச் சோதனையை நிரம்பிய சிலிண்டருடன் தொடக்கத்தில் மட்டும் செய்யாமல், 50 பார் மிஞ்சியிருக்கும் வேளையில், 5 மீட்டரில், மிதவைச் சட்டையைக் காலியாக்கிச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஈயத்தைப் போல எஃகுச் சிலிண்டரை அவசரத்தில் கழற்றி எறிய முடியாது என்பதையும் மாணவருக்குச் சொல்லுங்கள்.

தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் நிறைமிதப்பும் (நிரம்பியிருக்கும்போது உள்ள மிதப்பு) வெறுமிதப்பும் (காலியானபோது உள்ள மிதப்பு) இருக்கின்றன. அந்த இரண்டு எண்களையும் சிலிண்டரின் மேல் எழுதிவையுங்கள். லாக்புக்கில் ஈயத்தின் எடைக்குப் பக்கத்தில் உலோகம், கொள்ளளவு, உடுப்பின் தடிமன் ஆகியவற்றையும் குறித்துத் தாருங்கள். எண்களை எழுதும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கரையில் கற்ற மாணவன்