மரத்தின் ஊரையும் உண்மை அளவையும் பில்லில் எழுதுங்கள்

மதுரை மரக்கடை, அறுவை மில் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் தேக்கு வாங்கி நிலையும் கதவும் செய்து பிழைக்கும் தச்சர்களில் நானும் ஒருவன். வீடு கட்டுகிறவர் உங்கள் கடைப் படியேறுவது ஒரு முறைதான். கதவு இறுகிக்கொண்டாலும், கதவுச் சட்டத்தில் இடைவெளி விட்டாலும் அவர் தேடி வருவது எங்கள் பட்டறையை. ஆகவே இதைப் பொதுவிலேயே கேட்கிறேன்.

முதலில் அளவு. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலத்தில் ஒரு தலைவாசல் நிலை. கீழ்ப்படியும் சேர்த்து 21 அடி மரம் ஓடும். ஐந்து அங்குலத்துக்கு மூன்று அங்குலக் கட்டை என்றால் 21ஐ 15ஆல் பெருக்கி 144ஆல் வகுக்க, 2.19 கன அடி. பணம் இந்தக் கணக்குக்கு வாங்குகிறீர்கள். டேப்பை வைத்துப் பார்த்தால் பல கடைகளில் கட்டை நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால்தான் நிற்கிறது. அப்படியென்றால் கைக்கு வருவது 1.9 கன அடி. நூறு ரூபாயில் பதின்மூன்று ரூபாய்க்கு மரமே இல்லை! ரம்பம் தின்ற தூளுக்கு யார் பணம் தருவது என்பீர்கள். நியாயம்தான். அதை விலையில் ஏற்றுங்கள், அளவில் ஒளிக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி பார்த்தால் கன அடியே கூடாது, கன மீட்டரில்தான் விற்க வேண்டும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

அடுத்தது மரத்தின் ஊர். காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் தூண்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பர்மா தேக்குதான் வேண்டும் என்று நிற்கிறார்கள்; நீங்களும் இல்லை என்று சொல்வதில்லை. பர்மா அரசு 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அறுத்த மரம் வந்திருக்கலாம். ஆனால் புதிதாக இறங்கிய பர்மா உருட்டு என்று சில கடைகளில் காட்டுகிறார்களே, அது எந்த வழியாக வந்தது? கானா, ஈக்வடார் தோட்டங்களிலிருந்து வரும் தேக்கும் தேக்குதான். அதைச் சொல்லி விற்பதில் என்ன வெட்கம்?

சொல்லாமல் விட்டால் எங்களுக்குத்தான் வினை. வயது குறைந்த மரத்தில் வைரம், அதாவது நடுவில் முற்றிய பகுதி சிறுத்து, சுற்றியுள்ள முற்றாத வெள்ளைப் பகுதி அதிகமாக இருக்கும். கறையானைத் தடுக்கும் எண்ணெயும் சத்தும் வைரத்தில்தான் இருக்கின்றன. வெள்ளையை வண்டு துளைத்து மாவாகக் கொட்டிவிடும். அதன்மேல் நிறம் பூசி மறைத்துக் கொடுக்கச் சொல்லி எங்களையே கேட்கிறவர்களும் உங்களில் உண்டு. இனி அந்த வேலையை நான் செய்வதாக இல்லை.

ஈரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கதவுக்குப் போகும் மரத்தில் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஈரமானி ஒன்றை வைத்து வாங்குகிறவர் முன்னாலேயே மரத்தில் குத்தி அளவைக் காட்டுங்கள். ஈர மரத்தைக் காயவைத்துச் சுருக்கி மதுரை வெயில் சித்திரையில் செய்யும் சோதனையைக் கடையிலேயே முடித்துவிடலாம்.

நாடு, இழைத்த பின் உள்ள அளவு, வெள்ளை எவ்வளவு, ஈரம் எவ்வளவு: பில்லில் இவை நான்கும் இருந்தால் போதும். சரியாக எழுதித் தரும் கடைகள் இப்போதும் சில இருக்கின்றன. விலை கூடினாலும் நான் அங்கேதான் ஆள் அனுப்புகிறேன். ஆவணி முகூர்த்தத்துக்கு முன் உங்கள் சங்கத்தில் இதைப் பேசுங்கள். தச்சர்களையும் கூப்பிட்டால் டேப்போடு வருகிறோம்.

இப்படிக்கு,
நாகமலை புதுக்கோட்டைத் தச்சன் ஒருவன்