மண் குருவி ஒரே நாளில் வேகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் நீலகிரியின் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பிள்ளைகளுக்கு மண் பொம்மைப் பயிற்சி வைக்கிறார்கள். மதியம் கூட்டாஞ்சோறும் உண்டு. மனதார வரவேற்கிறோம். ஆனால் காலையில் பிசைந்த மண்ணை மாலையிலேயே சுட்டுத் தருவது இந்த மலையில் ஆகாத காரியம். முதல் நாள் மண் வேலை, மூன்று வாரம் கழித்துச் சூளையும் சாப்பாடும் என்று பிரித்து வைக்க வேண்டும்.

உள்ளே காற்று அடைபட்டதால்தான் சூளையில் பொம்மை வெடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஈரம். மேலே வெளுத்துக் காய்ந்தாலும் வயிற்றில் ஈரம் நின்றால், அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளக்கும். மூடுபனி இறங்கும் வாரங்களில் பத்து நாள் ஆனாலும் காயாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ஊதுகுருவி, அதாவது ஊதினால் சத்தமிடும் மண் குருவி. கொசுவலையில் சலித்த களிமண் ஐந்து பங்குக்கு மணல் ஒரு பங்கு சேர்த்துப் பிசையலாம். மண்ணைச் சமவெளிக் குயவர்களிடம் வாங்குங்கள். சதுப்பு நிலத்தில் தோண்டாதீர்கள், அங்கிருந்துதான் ஓடைகளுக்குத் தண்ணீர் வருகிறது. சுவர் 6 முதல் 8 மி.மீ. கனமுள்ள இரண்டு சிறு கிண்ணங்கள் செய்து, விளிம்புகளைக் கீறி, தண்ணீரில் குழைத்த மண் தடவி ஒட்டினால் வயிறு தயார். வால் பக்கம் ஐஸ் குச்சியை நுழைத்து ஊதுவழி எடுங்கள். அது வயிற்றைத் தொடும் இடத்தில் அடியில் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டி, எதிர் விளிம்பைக் கத்தி முனைபோலச் சீவ வேண்டும். ஊதும் காற்று அந்த விளிம்பில் பட்டுப் பிரிந்தால்தான் சத்தம் வரும். வரவில்லையென்றால் விளிம்பு மழுங்கியிருக்கும், அல்லது வழியில் மண் துணுக்கு நிற்கும். ஈரமாக இருக்கும்போதே ஊதிப் பார்த்துவிடுங்கள், காய்ந்தபின் திருத்த முடியாது. மண் பத்தில் ஒரு பங்குவரை சுருங்குமாதலால் வழியைச் சற்று அகலமாகவே விட வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் பெண்கள் தலைமுறைகளாக மண்பாண்டம் செய்துவரும் மலை இது. அவர்களில் கைப்பழக்கம் உள்ளவரை உரிய கூலி கொடுத்து அழைப்பதே முறை.

காய வைக்கும்போது செய்தித்தாளால் மூடி, தினமும் திருப்பி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் ஒட்டு விட்டுப்போகும்.

சூளை நாளில் முதல் இரண்டு மணி நேரம் பொம்மைகளைச் சுற்றித் தள்ளியே சிறு தீ. பிறகுதான் வறட்டியும் காய்ந்த சீகை (வாட்டில் மர) விறகும் மேலே அடுக்க வேண்டும். தைலமரச் சருகு கிடக்கும் இடத்துக்கு அருகில் தீ மூட்டவே கூடாது. தீ அடங்கியதும் கிளறாதீர்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற மணல் கனிமத்தின் பருமன் சட்டென்று மாறும். அந்தச் சூட்டை வேகமாகத் தாண்டிக் குளிர்ந்தால் கீறல் விழும். சாம்பலோடு விட்டு மறுநாள் காலையில் எடுங்கள்.

தீ எரியும் நேரத்தில் சோறு. 25 பேருக்கு அரிசி இரண்டரை கிலோ, துவரம்பருப்பு முக்கால் கிலோ, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, அவரை எல்லாம் சேர்த்து மூன்று கிலோ. வீட்டுக்கு ஒரு பொருள் என்று பிரித்துக் கொண்டுவரச் சொல்லலாம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. ஒரு மணி நேரம் ஊறவைத்து, மூடி போட்டு, பருப்பு மலர்ந்த பிறகே புளி ஊற்றுங்கள்.

பிள்ளைகள் செய்த கிண்ணங்களில் மட்டும் பரிமாற வேண்டாம். திறந்த சூளையில் சுட்ட கிண்ணம் குழம்பை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும். ஈயம் கலந்த மெருகு பூசியிருந்தால் புளிப்பு பட்டதும் ஈயம் உணவில் இறங்கும். வாழையிலையோ பாக்குமட்டையோ போதும்.

மூன்று வாரம் காத்திருக்க முடியாத சுற்றுலாப் பயணிகளிடம் முகவரி வாங்கிக்கொண்டு, சுட்ட குருவியை வைக்கோலில் பொதிந்து தபாலில் அனுப்பலாம். அந்தச் செலவை முன்கூட்டியே கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள்.

- மண் வேலை பழக்குவோர், கோத்தகிரி