பூனைக்கு ஆகாத எண்ணெய்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீட்கப்பட்ட விலங்குகளுக்கு இயற்கை முறையில் வைத்தியம் செய்வது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை, விலங்குகள் காப்பகம் ஒன்றில் பல ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருப்பவள் என்ற முறையில் ஆவலோடு படித்தேன். நானும் இயற்கை மருந்துகள் மீதான நம்பிக்கையோடுதான் இந்தப் பணிக்கு வந்தேன். அதனாலேயே, இயற்கையானவை என்பதால் அவற்றுக்குப் பக்கவிளைவு கிடையாது என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தொடக்க காலத்தில், தெள்ளுப்பூச்சி மொய்த்த இளம் பூனை ஒன்றின் பிடரியில் ஒருவகை மர இலைகளிலிருந்து வடிக்கும் நறுமண எண்ணெயான டீ ட்ரீ எண்ணெயைச் சில துளிகள் தடவினேன். அன்று மாலையே அதன் உடல் நடுங்கியது, பின்னங்கால்கள் தள்ளாடின, பிறகு எழவே முடியாமல் படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் எண்ணெயைக் கழுவி, உடல் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டதால் இரண்டு நாளில் அது தேறியது. நம் கல்லீரல் எளிதாகச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் பல வேதிப்பொருள்களைப் பூனையின் கல்லீரலால் அவ்வாறு கையாள முடிவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். போதாக்குறைக்கு, ரோமத்தில் எதைத் தடவினாலும் பூனை அதை நக்கி விழுங்கிவிடுகிறது.

பூண்டு விஷயம் இன்னும் கவலைக்குரியது. குடற்புழுவுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பூண்டு கொடுக்கலாம் என்று கட்டுரை சொல்கிறது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைத்துச் சோகையை உண்டாக்குபவை. பூனைக்குச் சிறிதளவே போதும். பாதிப்பு வெளியே தெரியச் சில நாள்கள் ஆவதால், ஈறுகள் வெளிறிப் போன விலங்கைப் பார்க்கும்போது பூண்டின் நினைவே யாருக்கும் வருவதில்லை.

இதனால் இயற்கை வழிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஆறாத புண்ணுக்குத் தேன் வைத்துக் கட்டுவதன் பலனை நானே பலமுறை கண்கூடாகக் கண்டிருக்கிறேன். தேனின் அடர்ந்த சர்க்கரை புண்ணிலுள்ள நீரை உறிஞ்சிக் கிருமிகளை வளரவிடாமல் செய்கிறது. அதன் அமிலத்தன்மையும், அதில் மெல்ல உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் துணை நிற்கின்றன. ஆனால் சுற்றியுள்ள ரோமத்தை மழித்து, புழுக்களையும் அழுகிய சதையையும் மருத்துவர் அகற்றிய பிறகே தேனுக்கு வேலை. அதுவும் காமா கதிரால் கிருமி நீக்கிய மருத்துவத் தேனாக இருப்பது நல்லது. ஏனெனில் பதப்படுத்தாத தேனில் கிருமிகளின் வித்துகள் இருக்கக்கூடும்.

அச்சத்தைத் தணிக்க நறுமண எண்ணெய்களைக் கட்டுரை பரிந்துரைக்கிறது. என் அனுபவத்தில் அவற்றைவிட ஓர் அட்டைப்பெட்டி மேலானது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை விரைவில் பதற்றம் தணிந்து புதிய இடத்துக்குப் பழகின என்று நெதர்லாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. மங்கிய வெளிச்சம், ஓசையின்மை, தினமும் ஒரே ஆள் உணவு வைப்பது ஆகியவற்றையும் நான் மருந்தாகவே மதிக்கிறேன். குளிரில் விறைத்த குட்டிக்கு முதல் மருந்து கதகதப்பு. உடல் சூடேறும் முன் பாலூட்டினால் அது செரிக்காது, புரையேறவும் கூடும்.

இங்கே நம் கண்களையும் நாம் சற்று ஐயுற வேண்டியிருக்கிறது. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய நாய்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தபோதும், நடையை அளந்த கருவிகள் முன்னேற்றம் எதையும் காட்டாத நிலையில், உரிமையாளர்கள் ஏறத்தாழ 40 சதவீத மதிப்பீடுகளில் நாய் தேறியிருப்பதாகக் கூறினர் என்று 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. மீட்கப்பட்ட விலங்குக்கு உணவும் நீரும் உறக்கமும் ஒருசேரக் கிடைக்கின்றன. அதனால் தேறிய உடலுக்கான பெருமையை, கூடவே கொடுத்த சொட்டு மருந்துக்கு எழுதிவிடுகிறோம்.

சில நோய்களில் இந்த மயக்கத்துக்கு அவகாசமே இல்லை. இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு காணும் நாய்க்குட்டிக்குக் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்று இருக்கலாம். அதை உடனே மருத்துவரிடம் கொண்டுசென்று நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டும், கஷாயம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் நேரத்தில் அதன் உடல் வறண்டுவிடும். மீட்கும்போது கடிபட்டவர்கள் காயத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் எந்த மருத்துவ முறையிலும் மீட்சி இல்லை எனலாம்.

அக்கட்டுரையைப் படித்த எவரேனும் இந்நேரம் ஒரு பூனைக்குப் பூண்டு நசுக்கிக்கொண்டிருக்கலாம். பூண்டு பற்றியும் எண்ணெய்கள் பற்றியும் உள்ள வரிகளுக்கு, கால்நடை மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற்று, அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காப்பகத் தன்னார்வலரான வாசகி