பிடி போன உளிகளுக்குப் பிடி போட ஒரு கடைசல் பட்டறை: நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த ஊரவர்களுக்கும் புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் வணக்கம்.

போன ஆடி மாதம் எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்து வளவைத் துப்புரவாக்கியபோது, இடிந்த அடுப்படிக்குப் பின்னால் ஒரு தகரப் பேணி அகப்பட்டது. உள்ளே 11 உளிகள். ஒன்றிலும் பிடி இல்லை. பிடி இருந்த இடத்தில் கறையான் மண்தான் ஒட்டிக்கிடந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, அந்த வீட்டுக்காரர் தூக்க முடியாமல் விட்டுப்போன சாமான் அது. பழைய இரும்புக்காரர் நிறுத்துப் பார்த்து விலையும் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊரில் தச்சுவேலை செய்யும் மூத்த ஓடாவி ஐயா சைக்கிளை நிறுத்தினார். ஒரு உளியை எடுத்துச் சாரத்தில் துடைத்தார். சாணைக்கல்லில் கொஞ்ச நேரம் தீட்டி, முன்கையில் வைத்து மெல்ல இழுத்தார். மயிர் வழித்துக்கொண்டு வந்தது. "உதை நிறுத்து விக்காதையுங்கோ தம்பி. உளி நல்லாத்தான் கிடக்கு, பிடிதானே இல்லை" என்றார். இன்னொன்றின் துருவைச் சுரண்டியபோது ஷெபீல்ட் என்ற முத்திரை தெரிந்தது. யாரோ ஒருவரின் பாட்டன் உழைத்து வாங்கிய உருக்கு.

அன்று தொடங்கி வீடுவீடாய்க் கேட்டோம். இன்றைக்கு எங்களிடம் 146 உளிகள் சேர்ந்திருக்கின்றன. இன்னொரு பக்கம், ஐயாவிடம் தொழில் பழக வரும் 9 பொடியன்கள் மூன்று உளியை மாறி மாறிப் பாவிக்கிறார்கள். 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு, நல்ல உளி ஒரு செட் வாங்குவது அவர்களின் கைக்கு எட்டாத காரியம். இந்த 146 உளிகளுக்கும் பிடி போட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழுச் செட் கொடுக்கலாம். மிஞ்சுவதை அயலூர்ப் பொடியன்களுக்கும் கொடுக்கலாம்.

கடையில் விற்கும் பிடியை வாங்கிப் போட்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். முதலில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். வாங்கிய 6 பிடிகளில் 4 ஒரு மாதம் தாங்கவில்லை. மரத்தின் நார் ஓட்டம் நேராக இல்லாமல் குறுக்கே ஓடியது. கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் அடித்தபோது ஒன்று பிளந்து ஒரு பிள்ளையின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அதன் பிறகு, பிடியை நாங்களே செய்வதென்று முடிவெடுத்தோம்.

நல்ல பிடிக்கு முதல் தேவை மரம். பச்சை மரத்தில் செய்த பிடி வாடைக்காலத்தில் இறுக்கமாக இருக்கும். சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியதும் சுருங்கி, கழுத்தைச் சுற்றிப் போட்ட உலோக வளையமான பூண் கழன்று கீழே விழும். ஓரங்குலப் பருமனான பலகை நிழலில் காய ஒரு வருசமாவது வேண்டும் என்பது ஓடாவிகளின் கணக்கு. அதனால்தான் பழைய வீட்டு மரத்தைத் தேடுகிறோம். முதிரை, பாலை, வேம்பு எதுவானாலும், 50, 60 வருசம் கூரைக்குக் கீழே கிடந்த தீராந்திக்கு, அதாவது உத்தரத்துக்கு, இனிமேல் காயவேண்டிய தேவை இல்லை. 4 அங்குலத்துக்கு 3 அங்குலத் தீராந்தியில் மூன்றடித் துண்டு ஒன்று கிடைத்தால், வெடித்த பகுதியைக் கழித்தாலும் 20 பிடிகள் எடுக்கலாம். பட்டுப்போன கொய்யாவும் நல்ல மரம்தான், அடியைத் தாங்கும். இதற்காக உயிரோடு நிற்கும் ஒரு மரத்தையும் நாங்கள் தறிக்கப்போவதில்லை.

இதுவரை 17 பிடிகளைச் சீவுளியாலும் அரத்தாலும் கையாலேயே செய்து முடித்தோம். எட்டுப்பட்டைப் பிடி, மேசையில் வைத்தால் உருளாது. அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ஒரு பிடிக்கு அரை நாள் போகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் கழுத்து. பூண் உட்காரும் கழுத்து சரிவட்டமாக இல்லாவிட்டால் பூண் ஒரு பக்கத்தைத்தான் கவ்வும். உளியின் வால், அதாவது பிடிக்குள் போகும் முனை, ஆப்பு மாதிரி இறங்கும்போது மரத்தைப் பிளக்கவிடாமல் காப்பதே அந்தப் பூண். சரிவட்டக் கழுத்துக்கு, மரத்தைச் சுழலவிட்டுச் செதுக்கும் கடைசல் இயந்திரம்தான் வழி.

வால் நுனி ஒடுங்கி இருப்பதால் துளையையும் மூன்று அளவு அலகால் படிப்படியாகத் துளைக்கிறோம். கடைசி அரை அங்குலம் வெளியே நிற்கும்போது ஐயா செய்வதைப் பார்க்கவேண்டும். பிடியை ஒரு கையில் பிடித்து, உளி கீழ்நோக்கித் தொங்க, பிடியின் தலையில் கொட்டாப்புளியால் தட்டுவார். கீழே ஒன்றும் முட்டுக்கொடுக்கவில்லை. இருந்தும் ஒவ்வொரு தட்டுக்கும் உளி தானாக மேலேறிப் பிடிக்குள் போவதுபோல் தெரியும்; உண்மையில் பாரமான இரும்பு சட்டென்று அசையாமல் நின்ற இடத்திலேயே நிற்க, பிடிதான் கீழே இறங்கி வருகிறது. உளியின் வெட்டும் வாய்க்கு ஒரு சேதமும் இல்லை. பொடியன்கள் இதைப் பார்ப்பதற்கென்றே நேரத்தோடு வந்துவிடுவார்கள்.

செலவுக் கணக்கு இதுதான். மோட்டருடன் பாவித்த மரக் கடைசல் இயந்திரம் ஒன்றுக்கு 140,000 ரூபா. கடைசல் உளிகள், துளை அலகுகள், பூணுக்குப் பித்தளைக் குழாய், ஆளிவிதை எண்ணெய் எல்லாமாக 45,000 ரூபா. மரம் அடுக்கிவைக்க நிலையத்தின் பின்பக்கம் ஒரு தகரப் பத்தி இறக்க 35,000 ரூபா. மொத்தம் 220,000 ரூபா. அங்கத்தவர்கள் தங்களுக்குள் 62,000 ரூபா சேர்த்துவிட்டார்கள். மீதி 158,000 ரூபாவுக்கே உங்களிடம் வருகிறோம். ஐயாவும் உதவிக்கு வருபவர்களும் கூலி வாங்கவில்லை, ஆகவே தரும் பணம் முழுவதும் பொருளுக்கே போகும். 500 ரூபா என்றாலும் பற்றுச்சீட்டு எழுதித் தருவோம்; வரவு செலவு ஒவ்வொரு மாதமும் நிலையத்து அறிவித்தல் பலகையில் தொங்கும்.

பணமாகத்தான் தரவேண்டும் என்றில்லை. பழைய வீடு உடைப்பவர்கள் தீராந்தி, கைமரம், நிலைத் துண்டுகளை விறகுக்குப் போடமுன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள், லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) கொண்டுவந்து ஏற்றுகிறோம். குளிரூட்டி பூட்டுபவர்களிடம் மிஞ்சும் செப்புக் குழாய்த் துண்டு பூணுக்கு நன்றாகப் பொருந்தும். அறுந்த தோல் செருப்பையும் எறியாதீர்கள். உளியின் தோளுக்கும் பிடிக்கும் நடுவில் வைக்க அதில் வட்டம் வெட்டலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊரில் பூட்டிக்கிடக்கும் உங்கள் வீட்டுக் களஞ்சிய அறையை ஒருக்கால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் தச்சு ஆயுதப்பெட்டி அங்கே இருந்தால், உளிகளுக்குப் பிடி போட்டு உங்களிடமே திருப்பித் தரவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் 4 மணி தொடக்கம் 6 மணிவரை நிலையத்தில் இருப்போம். உளிகளைத் துருவோடேயே கொண்டுவாருங்கள். வீட்டில் நெருப்பில் காட்டித் துருவெடுக்க வேண்டாம், வாயின் உரம் போய்விடும்.

இப்படிக்கு,
பட்டறைப் பணிக்குழு,
சனசமூக நிலையம், யாழ்ப்பாணம்.