நுவரெலியாவில் கம்பிரஷன் 120 காட்டும் எஞ்சின் பழுதான எஞ்சின் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து (அது 2025இல் மீண்டும் தொடங்கியது), தோட்டத்துக் கொட்டில்களில் சாக்குப் போர்த்திக் கிடந்த மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்களுக்கு விலை கேட்டு எங்கள் பக்கத்துக்கு வருவோரை அடிக்கடி காண்கிறேன். வாங்குபவர் முதலில் கேட்பதும் விற்பவர் முதலில் சொல்வதும் கம்பிரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை நசுக்கும்போது எழும் அமுக்கம், எவ்வளவு என்பதைத்தான். அந்த ஓர் எண்ணைத் தவறாகப் படித்து நல்ல எஞ்சின்களைப் பிரித்துப் போடும் வழக்கம் மலைநாட்டில் இருப்பதாலேயே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 948 சி.சி. எஞ்சின் பூட்டிய மொரிஸ் மைனர். சென்ற ஆண்டு மேட்டில் இழுவை குறைந்ததாகத் தோன்றியதால் நுவரெலியாவில் ஒரு கராஜில் விட்டேன். நான்கு சிலிண்டர்களும் சதுர அங்குலத்துக்கு முறையே 118, 120, 116, 119 இறாத்தல் காட்டின. 150 வர வேண்டிய இடத்தில் இவ்வளவுதான் வருகிறது, பிஸ்டனைச் சுற்றிக் காற்று ஒழுகாமல் காக்கும் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, சிலிண்டர்களை ரீபோர் செய்து (உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி) அளவில் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்று கூறி, செலவுக் கணக்கையும் எழுதிக் கையில் தந்துவிட்டார்கள்.

அந்த 150 கடல்மட்டத்துக்கு உரிய எண். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு வளிமண்டல அமுக்கம் கொழும்பில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமெடுப்பதை இங்குள்ள எல்லாச் சமையலறைகளும் அறியும். கராஜ்கள்தான் அதை மறந்துவிடுகின்றன. பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டருக்குள் வரும் காற்றே ஐந்தில் நான்கு பங்குதான் என்றால், அதை நசுக்கி எடுக்கும் அமுக்கமும் அதே விகிதத்தில்தான் இருக்கும். கொழும்பின் 150 நுவரெலியாவில் 120. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 130க்குச் சற்றுக் குறைவு. கண்டியில் 140ஐ ஒட்டி வரும். தவிரவும், இதே 948 எஞ்சின் 8.3க்கு 1, 7.2க்கு 1 என்ற இரு அமுக்க விகிதங்களில் செய்யப்பட்டதால், தன் எஞ்சின் எந்த வகை என்று தெரியாமல் எந்த எண்ணையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

நான் ரீபோர் செய்யவில்லை. இழுவை குறைந்ததற்குக் காரணம் ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில், பொயின்ற் எனும் தொடுமுனைகளின் இடைவெளி ஒடுங்கித் தீப்பொறி பிந்தியதே; அதைச் சரிசெய்ய அரைமணி நேரம் போதுமாயிருந்தது. பின்னர் ஒரு கல்யாணத்துக்காகக் கினிகத்தேனை, கித்துல்கல வழியாகக் கொழும்புக்கு இறங்கியபோது, இரவல் வாங்கிய அமுக்கமானியையும் கையோடு கொண்டுபோய், உறவினர் வீட்டு முற்றத்தில் சோதித்தேன். 147, 150, 145, 148. மணவீட்டார் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். எஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டு, நான்கு ப்ளக்குகளையும் கழற்றி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலுக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டு, ஒருவர் அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்திருக்க, ஒவ்வொரு சிலிண்டரும் ஐந்தாறு முறை அமுக்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். அக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவான திராட்டில் மூடியிருந்தால் காற்று உள்ளே போக வழியில்லாமல் நான்கு எண்களும் ஒன்றாகக் குறையும். ஜனவரி மாதக் காலையில், புல்லில் பனி உறைந்து கிடக்கும் நேரத்தில், கெட்டியான ஒயிலோடும் சோர்ந்த பற்றரியோடும் சோதித்தாலும் அதேதான் நடக்கும். முள் ஏறும் விதத்தையும் பார்க்க வேண்டும்: நல்ல சிலிண்டரில் முதல் அமுக்கிலேயே பெரும்பகுதி ஏறிவிடும், ரிங் தேய்ந்ததில் படிப்படியாக ஏறும், வால்வு ஒழுகினால் தொடக்கத்திலேயே தாழ்ந்து, பிறகும் அதிகம் ஏறாது. ஐயமிருந்தால் ப்ளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் பார்க்கலாம். எண் நன்றாக உயர்ந்தால் குறை ரிங்கில். உயராவிட்டால் வால்வில் அல்லது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட் தகட்டில். வால்வைச் சந்தேகிப்பதற்கு முன் டெப்பட் இடைவெளியை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையிலான இடைவெளியை, அளந்துகொள்வது நல்லது. இந்த எஞ்சினுக்கு அது அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. அது இறுகியிருந்தால் நல்ல வால்வும் முழுதாக மூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது நான்கு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது. என் காரில் மிகக் கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் 4 இறாத்தல் மட்டுமே. நான்கும் ஒரே அளவாகத் தேய்வதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒயில் குடிப்பது, நீலப் புகை போன்ற வேறு அடையாளங்களும் இருக்கும். என் அயலவரின் காரிலோ, இதே ஊரில், 122, 70, 68, 120 என்று காட்டியது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் இப்படி விழுந்தால், அவற்றுக்கு இடையில் ஹெட் கேஸ்கட் எரிந்திருப்பதே பெரும்பாலும் காரணம். அவருக்கும் முதலில் ரீபோர்தான் சொல்லப்பட்டது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது கேஸ்கட் கரிந்திருந்தது. புதிய கேஸ்கட்டோடு அந்த வேலை முடிந்தது.

மலைநாட்டுக் கராஜ் உரிமையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கம்பிரஷன் சோதித்தால் நான்கு எண்களையும், எஞ்சின் சூடாக இருந்ததா, திராட்டில் திறந்திருந்ததா, ஒயில் விட்ட பின் எவ்வளவு காட்டியது, எந்த ஊரில் சோதிக்கப்பட்டது என்பவற்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கார் வாங்க வருவோரும் அந்தச் சீட்டைப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் வாசகர்,
நுவரெலியா.