சாட்ஸ்வொர்த்தில் குலை தள்ளிய வாழை

அன்பு மகளுக்கு,

அப்பா இங்கிலாந்திலிருந்து எழுதுவது. ஷெஃபீல்டில் எல்லாரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மதினியும் எங்களை டார்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்குக் கூட்டிப்போனார்கள். 1549-இலிருந்து கேவண்டிஷ் என்ற பிரபு குடும்பத்தின் கையில் இருக்கும் இடம். உள்ளே ஓவியங்களும் சிலைகளும் நிறைய. அம்மா ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். எனக்கு மனசெல்லாம் தோட்டத்தில்தான். தோட்டக்கலை படிக்கிற பிள்ளை கூட இல்லையே என்று இருந்தது.

மலைச்சரிவில் நீர் இறங்கி வருவதற்கென்று நீளமாகக் கல்படிகள் கட்டியிருக்கிறார்கள். 'கேஸ்கேட்' என்கிறார்கள். 1696-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் வடிவமைத்தது. 24 படித்தொகுதிகள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை, அதனால் தண்ணீர் விழும் ஓசையும் இடத்துக்கு இடம் மாறுமாம். அந்தக் காலத்தில் நூல் பிடித்து வெட்டிய பாத்திகளும் இருந்தன. 1760-களில் கேப்பபிலிட்டி பிரவுன் என்பவர் அதில் பெரும்பகுதியைப் புல்வெளியாக்கிவிட்டார். கேஸ்கேடையாவது விட்டுவைத்தாரே!

உனக்கு நான் சொல்ல வந்தது ஜோசப் பேக்ஸ்டனைப் பற்றி. விவசாயி மகன். 1826-இல், 22 வயதில், இங்கே தலைமைத் தோட்டக்காரரானார். ரஷ்யச் சக்கரவர்த்தி வருவார் என்று 1844-இல் ஒரு நீரூற்று அமைத்தார். மலை மேல் எட்டு ஏக்கரில் ஏரி வெட்டி, குழாயில் தண்ணீரை இறக்கி, அந்த வேகத்திலேயே 296 அடி உயரத்துக்குப் பீய்ச்ச வைத்தார். மோட்டாரும் இல்லை, எஞ்சினும் இல்லை. சக்கரவர்த்தி கடைசிவரை வரவில்லை. போர்வெல்லையும் கரண்டையும் நம்பிக் கிடக்கும் நமக்குத்தான் இதன் அருமை தெரியும், பாப்பா. அங்கிருந்து நகரவே மனசில்லை.

அவர் கட்டிய பெரிய கண்ணாடிக்கூடம் இப்போது இல்லை. முதல் உலகப்போரின்போது சூடேற்ற நிலக்கரி இல்லாமல் செடிகள் பட்டுப்போயின. 1920-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அப்புறம் வாழை. மொரீஷியஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ரகத்தில் ஒரு கன்றை வாங்கி, அந்தக் குளிர் தேசத்தில் கண்ணாடிக்குள் வைத்து வளர்த்து, 1835 நவம்பரில் பூ விட வைத்தார் பேக்ஸ்டன். அடுத்த வருடம் நூறு காய்க்கு மேல். முதலாளி குடும்பத்தின் பெயரையே அதற்கு வைத்தார். ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் கன்றுகளைச் சமோவாவுக்குக் கொண்டுபோக, பசிபிக் தீவுகளில் பரவியது. பிறகு ஏற்றுமதிக்குப் போய்க்கொண்டிருந்த குரோ மிஷெல் ரகத்தை வாடல் நோய் அழித்தபோது, அந்த இடத்துக்குக் கேவண்டிஷ்தான் வந்தது. நம் தோட்டத்து ஜி-9 என்ற திசு வளர்ப்பு வாழை ரகமும் கேவண்டிஷ்தானே! இத்தனை வருடம் அதை வெட்டி லாரியில் ஏற்றியிருக்கிறேன், அந்தப் பெயருக்குரிய வீட்டு வாசலில் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

தோட்டக்கலை படித்து என்ன ஆகப்போகிறது என்று உன் பெரியம்மா கேட்டாளே, இனி கேட்டால் நான் பதில் சொல்கிறேன்.

இப்போது கேவண்டிஷையும் ஒரு புது வாடல் நோய் தாக்குவது உனக்கே தெரியும். கிழக்கு வயலில் நாலைந்து மரத்தில் அடியிலை மஞ்சளாகிறது என்று சித்தப்பா போனில் சொன்னார். நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஊருக்குப் போய் தண்டை வெட்டிப் பார். சந்தேகமாக இருந்தால் உன் பேராசிரியரிடம் மாதிரியைக் காட்டு. அதுவரை அந்த வயலில் கன்று எடுக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா